நெடுத்துப்போன கஞ்சாக் கன்றுகளும் 100 வாட் லைட்டும்: மூன்று மாதப் பாவனைக்குப் பிறகு

இந்த லைட்டை வாங்கிய அன்று என்னிடம் நான்கு கன்றுகள் இருந்தன. நான்கும் கோப்பைக்குள் சரிந்து கிடந்தன. இன்று மூன்று நிமிர்ந்து நிற்கின்றன, அதில் ஒன்றின் தண்டு பென்சில் தடிப்பு. முதல்முறையாக வீட்டுக்குள் கன்று வளர்க்கிறவர்கள், அதுவும் கன்று நெடுத்துப்போய் விழுந்துவிட்டதே என்று தவிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கியது 100 வாட் எல்இடி பலகை லைட். பெரிய கொப்பி ஒன்றை விரித்து வைத்த அளவு இருக்கும். மேலே அலுமினியத் தகடு, அடியில் நூற்றுக்கணக்கான சிறிய வெள்ளை மணிகள், இடையிடையே சிவப்பு. சத்தம் போடும் விசிறி எதுவும் உள்ளே இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. விலை 139 டொலர், 13 வீத வரியோடு 157. கம்பெனிப் பெயரை நான் எழுதவில்லை. இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன, நான் பாவித்தது ஒன்றே ஒன்றுதான். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன், அதுதான் கைகொடுக்கும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் இருப்பது ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில். கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒரு வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு இல்லை, வீட்டுக்கு நான்கு. எங்கள் வீட்டில் நான், மனைவி, 27 வயது மகன் என்று மூன்று பெரியவர்கள் இருந்தாலும் கணக்கு நான்குதான். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வயது 19 ஆகியிருக்க வேண்டும், விதையை அனுமதி பெற்ற கடையில் அல்லது மாகாண அரசின் இணையக் கடையில் வாங்க வேண்டும். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாடகை வீடு, கொண்டோ என்றால் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அதில் தடுத்திருக்கலாம். அப்புறம், ஊருக்குப் போகும்போது ஒரு விதையைக்கூடப் பையில் வைக்காதீர்கள். கனடா எல்லையைக் கடந்து கொண்டுபோவதே குற்றம், இலங்கையில் போய் இறங்கினால் அங்கேயும் குற்றம். எனக்கு 4 வயதில் பேத்தி இருக்கிறாள், வாரம் ஒருமுறை வருவாள். அதனால் பேஸ்மன்ட் அறைக்குப் பூட்டுப் போட்ட பிறகுதான் விதையே வாங்கினேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் ஐயா யாழ்ப்பாணத்தில், வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை செய்தவர். நாற்றுமேடையில் நின்று, கன்று பிடுங்கி, நட்டு, தண்ணீர் கட்டி வளர்ந்த பிள்ளை நான். இங்கே வந்து 31 வருடம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஓய்வு எடுத்தவனுக்கு, மாரிகாலத்தில் கையை மண்ணில் வைக்க ஏதாவது வேண்டும் போல இருந்தது. சட்டம் அனுமதிக்கிற செடி, கவனித்துப் பார்த்து வளர்க்க வேண்டிய செடி. அந்த ஆசையில்தான் இறங்கினேன்.

பெப்ரவரி மூன்றாம் வாரம் நான்கு விதைகளையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரக் கடதாசியில் சுற்றி வைத்தேன். வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்த்ததும் சிறிய பிளாஸ்டிக் கோப்பைகளில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து, மேலே மூடி போட்டு, வெந்நீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே சூடு 29 பாகை. முளைக்கச் சூடு நல்லதுதான். ஆனால் அந்த இடம் இருட்டு. அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போனவன் அடுத்தநாள் மாலைதான் திரும்பினேன். நான் இல்லாத நேரத்தில் நான்கும் முளைத்து, வெளிச்சத்தைத் தேடித் தேடி, மூடியில் தலை இடிக்கும் அளவுக்கு நீண்டிருந்தன. தண்டு வெள்ளை. இடியப்ப இழை ஒன்றை எடுத்து நட்டுவைத்தது போல இருந்தது. விதைக்குள்ளிருந்தே வரும் வித்திலை இரண்டும் வெளிறிய மஞ்சள்.

உடனே தூக்கி லைட்டுக்குக் கீழே வைத்தேன். அப்போது என்னிடம் இருந்தது இந்த லைட் இல்லை. மேசையில் கவ்விக்கொள்ளும் ஊதா நிற லைட் ஒன்று, வளையும் கழுத்தோடு வரும், பார்த்திருப்பீர்கள். 32 டொலர். பெட்டியில் 80 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். ஊதா வெளிச்சத்தில் அறையே திருவிழாப் போல இருந்தது. இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே, கன்று கருகிவிடக் கூடாது என்று இரண்டரை அடி உயரத்தில் வைத்தேன். அதுதான் பெரிய பிழை.

ஐந்தாம் நாள் காலை மனைவி கீழேயிருந்து கூப்பிட்டாள். துணி துவைக்கக் கீழே போனவள், அறைப் பூட்டைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட கன்றெல்லாம் படுத்துக் கிடக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ."

ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. ஒன்றின் தலை கோப்பை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அடிமட்டத்தால் அளந்தேன்: மண்ணிலிருந்து வித்திலை வரை 13 சென்ரிமீற்றர். அந்த வயதில் மூன்று நான்கு இருந்தால் போதும். ஓரம் அரம் போல வெட்டிய முதல் சோடி இலை அப்போதுதான் மொட்டுப் போல விரியத் தொடங்கியிருந்தது. அந்தச் சின்ன இலையின் பாரத்தைக்கூடத் தண்டு தாங்கவில்லை.

எங்கள் ஐயா நாற்றுமேடையில் கன்று நெருக்கி நின்றால் விடமாட்டார். "நெருக்கம் நெடுக்கும்" என்பார், குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கலைப்பார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. இலை சிவப்பு ஒளியை எடுத்துக்கொள்கிறது, கண்ணுக்குத் தெரியாத தூரச் சிவப்பை விட்டுவிடுகிறது. பக்கத்துச் செடியின் நிழலில் நிற்கும் கன்றுக்குச் சிவப்பு குறைந்து, தூரச் சிவப்பு கூடிய வெளிச்சம்தான் கிடைக்கும். செடிக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி அதைக் கண்டுபிடித்து, மேலே போ, வெளிச்சத்தைப் பிடி என்று தண்டை நீட்டச் சொல்லும். வெளிச்சமே போதாவிட்டாலும் இதே கதைதான். இலைக்கும் வேருக்கும் போக வேண்டிய சாப்பாடு முழுவதும் தண்டை நீட்டுவதில் போய்விடும். சூடு கூடினால் இன்னும் வேகமாக நீளும். என் கன்றுகளுக்கு முதலில் இருட்டும் சூடும், பிறகு மங்கல் வெளிச்சம். மூன்றையும் நானே கொடுத்திருந்தேன்.

அன்றே கடைக்குப் போனேன். ஸ்காபரோவில் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம், வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்கான சாமான் விற்கும் சின்னக் கடை. நின்ற பிள்ளை தமிழ்ப் பிள்ளை, 25 வயது இருக்கும். நான் உரம் கேட்டேன். கன்று சோர்ந்துவிட்டது, ஏதாவது சத்து ஊற்றினால் எழும்பும் என்று நினைத்தேன். போனில் படத்தைப் பார்த்தாள்.

"அங்கிள், இதுக்கு உரம் ஊத்தினா செத்துப் போயிடும். வித்திலையில இருக்கிற சத்தே இன்னும் முடியேல்ல. லைட்டை மாத்தாம வேற எதை மாத்தினாலும் பிரயோசனம் இல்லை."

உரம் விற்கிற கடையில் நின்று உரம் வேண்டாம் என்று சொன்ன பிள்ளை. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவேன். ஊதா லைட்டின் பெட்டிப் படத்தையும் பார்த்துவிட்டு, வீட்டில் மின்சாரம் அளக்கும் சொருகுக் கருவி இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள் என்றாள். மகனிடம் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்தேன். 80 வாட் என்று எழுதியிருந்த லைட் இழுத்தது 19 வாட்.

ஊதா நிறத்தில் குற்றமில்லை, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். பச்சையம் அதிகமாகப் பிடிப்பது சிவப்பையும் நீலத்தையும்தான், அந்த இரண்டையும் கலந்தால் ஊதா. பலமான ஊதா லைட்டுகளும் உண்டு. ஆனால் மலிவான கவ்வி லைட்டில் ஒளியே கொஞ்சம், அதையும் இரண்டரை அடி தள்ளி வைத்தால் கன்றுக்கு எதுவும் மிஞ்சாது. நம் கண்ணுக்கு அறை முழுக்க நிறமாகத் தெரிவதால் வெளிச்சம் நிறைய இருப்பதாக ஏமாந்துபோகிறோம். அந்த நிறத்தில் இலை மஞ்சளா பச்சையா என்று பார்க்கவும் முடியாது. எனக்கு ஐந்து நாளும் கன்றுகள் கறுப்பாகத்தான் தெரிந்தன. இன்னொரு விடயம், அந்த லைட்டில் சிஎஸ்ஏ, சியூஎல், ஈடிஎல் என்று எந்தப் பாதுகாப்பு முத்திரையும் இல்லை. ஒன்ராறியோவில் மின்சாரப் பொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட முத்திரை இருக்க வேண்டும். நாளுக்கு 18 மணித்தியாலம் நாம் தூங்கும்போதும் எரியப் போகிற சாமான் அது, பக்கத்தில் தண்ணீர் வேறு. முத்திரை இல்லாத லைட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, பலகை லைட்டுக்கு வருகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் மின்சாரக் கருவியில்தான் போட்டேன். திருகை முழுவதும் திருப்பினால் 98 வாட். சொன்னது சொன்னபடி. வெளிச்சம் வெயில் மாதிரி வெள்ளை, இலையின் உண்மையான நிறம் தெரிகிறது. நேரே அண்ணாந்து பார்க்காதீர்கள், கண் கூசும். நான் இப்போது கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

இருட்டில் கிடந்த கன்றை ஒரேயடியாக முழு வெளிச்சத்தில் வைத்தால் இலை வெளுத்துவிடும். அதனால் 24 அங்குல உயரத்தில் தொங்கவிட்டு, திருகைக் கால் பங்கில் வைத்துத் தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காம் நாள் 18 அங்குலத்தில் பாதித் திருகுக்கு வந்தேன். போனில் லக்ஸ், அதாவது வெளிச்சத்தின் அளவைக் காட்டும் செயலியை இறக்கி, போனைக் கன்றின் தலை மட்டத்தில் பிடித்து அளந்தேன். நடுவில் 12,000 லக்ஸ். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை ஏறக்குறைய 70ஆல் வகுத்தால், செடி பாவிக்கக்கூடிய ஒளி சதுர மீற்றருக்கு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று வரும். எனக்கு 170 அளவில் வந்தது. இளங்கன்றுக்கு 100 முதல் 300 வரை நல்லது. போன் கணக்கு துல்லியம் இல்லைதான், ஆனால் கண்ணை நம்புவதைவிட நூறு மடங்கு மேல். ஊதா வெளிச்சத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை இதில் அளக்க வேண்டாம்.

கன்று தானே சொல்லும் அடையாளமும் உண்டு. வெளிச்சம் போதாவிட்டால் இலைகள் தொங்கும் அல்லது மேலும் நெடுக்கும். கூடினால் இலை விளிம்பு தோணி மாதிரி மேலே மடியும், நுனி வெளுக்கும். சரியான அளவில் இருந்தால் இலைகள் தட்டையாக, கொஞ்சம் மேல்நோக்கிக் கை விரித்தது போல நிற்கும். எனக்கு இரண்டாம் நாளே அந்த விரிப்புத் தெரிந்தது. காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது நான்கு சின்னத் தலைகளும் நேராக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. தண்டு இன்னும் வளைந்துதான் கிடந்தது, தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: எந்த லைட்டும் நீண்ட தண்டைத் திரும்பச் சுருக்காது. நெடுத்தது நெடுத்ததுதான். லைட் செய்வது அதற்குமேல் நெடுக்காமல் பார்த்துக்கொள்வது, இனி வரும் கணுக்களை நெருக்கமாக வைப்பது. அந்த நீண்ட கழுத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

நான் செய்தது இது. தமிழ்க்கடையில் வாங்கிய ஈர்க்கு விளக்குமாறு வீட்டில் இருந்தது. புதிதாக இருந்த ஒன்றிலிருந்து நான்கு ஈர்க்கு உருவி, கொதிநீரில் போட்டு எடுத்து, ஒவ்வொரு கோப்பையிலும் விளிம்போரமாகக் குத்தினேன். வேருக்குப் பக்கத்தில் குத்தக் கூடாது. மனைவியின் கம்பளி நூலில் ஒரு துண்டை எடுத்து, எட்டு வடிவத்தில் ஒரு சுற்று ஈர்க்குக்கு, ஒரு சுற்று தண்டுக்கு என்று தளர்வாகப் போட்டேன். இறுக்கிக் கட்டினால் தண்டு தடிக்கும்போது நூல் வெட்டும், கன்று ஆடவும் முடியாது. ஆடவேண்டும். சின்ன மின்விசிறி ஒன்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி, திரும்பி வரும் காற்றில் இலை நுனி மட்டும் நடுங்கும்படி வைத்தேன். காற்றில் அசைந்த தண்டுதான் தடிக்கும். வெளியில் நிற்கும் செடிக்கு இது தானாகக் கிடைக்கிறது, பேஸ்மன்டில் நாம்தான் கொடுக்க வேண்டும். விசிறி நேரே முகத்தில் அடித்தால் இளங்கன்று காய்ந்துவிடும்.

அடுத்தது தண்டைப் புதைப்பது. தக்காளிக் கன்றை ஆழமாக நடுவது நமக்குத் தெரியும், கஞ்சாவின் இளந்தண்டும் மண்ணுக்குள் போனால் வேர் விடும். ஆனால் இதில்தான் ஒரு கன்றைக் கொன்றேன். ஏழாம் நாளே அவசரப்பட்டு, மண்ணை வித்திலை வரை ஏற்றி, ஒரு கோப்பை தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். மூன்றாம் நாள் மண் மட்டத்தில் தண்டு பழுப்பாகி, கிள்ளியது போல ஒடுங்கி விழுந்தது. நாற்றழுகல். ஈர மண்ணில் இருக்கும் கிருமி மெல்லிய தண்டைத்தான் பிடிக்கும், பிடித்தால் மருந்து இல்லை. புகையிலை நாற்றுமேடையில் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியபோது நெஞ்சு கனத்தது.

மற்ற மூன்றையும் பன்னிரண்டாம் நாள்வரை விட்டேன். அதற்குள் தண்டு வெள்ளை நிறம் போய்ப் பச்சையாகி, தொட்டால் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. இரண்டாம் சோடி இலையும் வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு கலன் (gallon) கொள்ளும் சாடிக்கு மாற்றினேன். தண்டைச் சற்றுச் சரித்துப் படுக்கவைத்து, வித்திலைக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே வரை மண் போட்டேன். மண் பிழிந்தால் சொட்டாத ஈரம். தண்ணீரைத் தண்டில் படாமல் சாடியின் ஓரமாக மட்டும், மேல்மண் ஒரு விரல் கணு ஆழத்துக்குக் காய்ந்தபிறகு. சாடியைக் கையில் தூக்கிப் பார்த்தால் பாரத்திலேயே தெரியும். அறையின் சூட்டை 24 பாகைக்கு மேல் போக விடவில்லை. மூன்றாம் வாரம் வரை உரம் எதுவும் கொடுக்கவில்லை.

ஐந்தாம் வாரம் பெரிய சாடிக்கு மாற்றும்போது மண்கட்டியை மெதுவாக உதிர்த்துப் பார்த்தேன். அந்த இடியப்ப இழை, மண்ணுக்குள் சரிந்து கிடந்த துண்டு, பழுப்பாகி முற்றியிருந்தது. அதன் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று புது வேர்கள், சீப்புப் பல்லுப் போல வரிசையாக. மகனையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் மூடினேன். மண்ணுக்கு மேலே கணுவுக்குக் கணு இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளிதான். அடியில் அப்படி நெடுத்த செடி இது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

லைட்டில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. முதலாவது, இரண்டுக்கு இரண்டு அடி இடத்துக்கு என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் நடுவில் 12,000 லக்ஸ் காட்டும்போது மூலையில் 7,000தான். மூலையில் வைத்த சாடி ஒரு வாரத்தில் நடுவைப் பார்த்துச் சரியத் தொடங்கிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை சாடிகளைச் சுற்றி, இடம் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது. சுவரில் வெள்ளைப் பெயின்ற் அடித்தபிறகு கொஞ்சம் பரவாயில்லை. இரண்டாவது, திருகில் எண் எதுவும் இல்லை. கால், அரை, முக்கால் என்று நானே பேனாவால் கோடு போட்டேன், மின்சாரக் கருவியைப் பார்த்துப் பார்த்து. மூன்றாவது, தொங்கவிடத் தந்த கயிறு குட்டை. எங்கள் பேஸ்மன்ட் கூரை உயரத்துக்கு வேறு சங்கிலி வாங்க வேண்டி வந்தது. மின்கம்பியும் நீளம் போதாது. நீட்டுக்கம்பி போடுவதானால் தடித்ததாகப் போடுங்கள், சொருகும் இடத்துக்குக் கீழே கம்பி ஒரு வளைவாகத் தொங்கட்டும், தண்ணீர் வழிந்தால் அந்த வளைவில் சொட்டிவிடும்.

டைமர் கூட வராது. 18 டொலருக்குத் தனியாக வாங்கினேன். வளரும் பருவத்தில் 18 மணித்தியாலம் வெளிச்சம், 6 மணித்தியாலம் இருட்டு. நான் இரவு 9.30க்கு எரியவிட்டு, அடுத்தநாள் பிற்பகல் 3.30க்கு அணைக்கிறேன். ஒன்ராறியோவில் நள்ளிரவு மலிவுக் கட்டணத் திட்டம் எடுத்தவர்களுக்கு இரவு 11 முதல் காலை 7 வரை மின்சாரம் மிக மலிவு, வேலைநாட்களில் மாலை 4 முதல் 9 வரை மிக விலை. செடியின் இருட்டு நேரத்தை அந்த விலை கூடிய நேரத்தில் வைத்தால் இரண்டும் சரிவரும். முழுத் திருகில் ஒரு நாளைக்கு 1.8 யூனிட்டுக்கு உள்ளே, மாதம் 53 யூனிட். பாதித் திருகில் அதில் பாதி. இரவில் எரிவதால் பேஸ்மன்டும் அதிகம் குளிராமல் இருக்கிறது.

இந்த லைட்டுக்குப் பெரிய பரீட்சை மார்ச் நடுவில் நடந்தது. மனைவி மிளகாயும் கத்தரியும் போட்டாள். வருடா வருடம் ஜன்னல் ஓரத்தில் வைப்பாள், வருடா வருடம் நெடுத்துச் சரிந்து, பாதி போய்விடும். ரொறன்ரோவின் மார்ச் மாத ஜன்னல் வெளிச்சம் அவ்வளவுதான். இந்தமுறை தட்டு ஒன்றில் 24 விதை, முளை தலைகாட்டிய அன்றைக்கே மூடியைக் கழற்றி இந்த லைட்டின் கீழ் வைத்தோம். அதே பேஸ்மன்ட், அதே மண். வித்திலைக்குக் கீழே மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டியது ஒன்றும் இல்லை. ஈர்க்கும் தேவைப்படவில்லை, நூலும் தேவைப்படவில்லை. முளைத்த முதல் நாளே நல்ல வெளிச்சம் கொடுத்திருந்தால் என் நான்கு கன்றும் இருந்திருக்கும்.

யாருக்கு இது போதும் என்றால், விதையிலிருந்து ஐந்தாறு வாரம் வரை நான்கு கஞ்சாச் செடிக்கும் தாராளமாகப் போதும். அதற்குப் பிறகு போதாது. பெரிய செடி என்றால் ஒன்று, நெருக்கினால் இரண்டு. என்னுடைய மூன்றும் இப்போது ஒன்றையொன்று முட்டுகின்றன, ஐயா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பார். மே மாதம் வரும் விக்டோரியா தின வார இறுதிக்குப் பிறகு ஒன்றைப் பின்வளவில், உயர்ந்த வேலியின் உட்பக்கமாக நடப்போகிறேன். இப்போதே நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று வெளியில் வைத்து வெயிலுக்குப் பழக்குகிறேன். மிளகாயும் கத்தரியும் அதே நேரம் வெளியே போகும். மற்ற இரண்டும் உள்ளே இந்த லைட்டின் கீழ், இப்போது முழுத் திருகில், 16 அங்குலத்தில் நிற்கின்றன.

மூன்று வருட உத்தரவாதம் என்று கடையில் சொன்னார்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அடியில் இருக்கும் மணிகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. தகட்டின் மேல்பக்கம் கைவைக்கக்கூடிய சூடுதான். மாதம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, காய்ந்த துணியால் தூசி துடைக்கிறேன். அடுத்த மாரிக்கு மனைவி தன் நாற்றுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கடையிலேயே, அந்தப் பிள்ளையிடமே இதே 100 வாட்டில் இன்னொன்று சொல்லி வைத்திருக்கிறேன்.